நூலக பீரோ சாவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலைப் பள்ளிகளில் நூலகப் பொறுப்பைக் கூடுதல் வேலையாகச் சுமக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



பல பள்ளிகளில் நூலகர் என்று தனியாக ஓர் ஆள் கிடையாது. தமிழாசிரியரோ, பாடவேளை குறைவாக உள்ள இன்னொருவரோ சாவியை வாங்கிக்கொள்கிறார். இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் எல்லாம் தணிக்கைக்கு ஆள் வரும்போது பீரோவில் இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் யார் பதில் சொல்வது? ஆகவே பீரோ பூட்டியே கிடப்பதற்காக உங்களைக் குறை சொல்வது நியாயமில்லை. இந்த மடல் அந்தப் பூட்டைப் பற்றியதுகூட இல்லை. உள்ளே இருக்கும், அல்லது இருக்க வேண்டிய, சில புத்தகங்களைப் பற்றியது. அவற்றைத் தேடி வருவதாகத் தங்களுக்கே தெரியாமல் வரும் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது.

அந்த வயதின் கேள்வி உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் யாரோடு சேர்த்தி? வீட்டில் கேட்டால் அடி விழும், வகுப்பில் கேட்டால் சிரிப்பார்கள். தென்மாவட்டப் பள்ளிகளில் இந்தக் கேள்விக்குச் சில்லறைக் காசில் விடை கிடைக்கிறது. மணிக்கட்டில் கட்டும் நிறக் கயிறு. எந்த நிறம் எந்தச் சாதி என்பது புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியருக்குப் புரிவதற்குள் ஆறாம் வகுப்புப் பொடியனுக்குத் தெரிந்திருக்கிறது. 2019இல் பள்ளிக்கல்வித் துறை இந்தக் கயிறுகளைக் கவனிக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் அது கிடப்பில் போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் கூடப் படிக்கும் பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையைக் கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் சாதி அடையாளமாகப் பள்ளிக்குள் வரக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

தடை தேவைதான். ஆனால் கயிறு கட்டுகிற பையன் ஏன் கட்டுகிறான் என்பதையும் பார்க்க வேண்டும். பஸ்ஸில் இடத் தகராறு வந்தால் அவனுக்காக நாலு பேர் எழுந்து நிற்கிறார்கள். கணக்கில் அவன் எடுத்த மதிப்பெண்ணை அந்த நாலு பேரும் கேட்பதில்லை. ஊர்த் திருவிழாவில் அவனுக்கு ஒரு பனியன், அதில் ஒரு படம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க ஒரு பாட்டு. பள்ளிக்கூடம் அவனுக்குக் கொடுத்தது ஒரு வரிசை எண்ணும் தோல்வி பயமும். எது இழுக்கும்? கயிற்றை அறுத்துவிடலாம். அது அவனுக்குக் கொடுத்துவந்த கூட்டத்துக்குப் பதிலாக எதைக் கொடுக்கப் போகிறோம் என்ற கேள்வி அப்படியே நிற்கும். புத்தகம் கொடுத்தால் சாதி போய்விடும் என்று இங்கே யாரும் கதை விடவில்லை. நிறையப் படித்த சாதி வெறியர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புத்தகம் தரக்கூடியது வேறொரு சேர்க்கை. கூட்டத்துக்குள் ஒருவன் என்ன ஆகிறான் என்பதை, கூட்டத்தில் சேராமலே, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வசதி.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' இதற்கு எடுத்த புத்தகம். 2001இல் வந்தது. யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிக் கிராமத்துப் பையன் ரொக்கிராஜ். அப்பா ஊரே அஞ்சும் சண்டியர், கொரில்லா என்பது அவருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர். அந்த வீட்டிலிருந்து பையன் போய்ச் சேரும் இடம் இயக்கம். ஷோபாசக்தியும் பதின்வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து பிறகு விலகியவர், அல்லைப்பிட்டிக்காரர். இயக்கம் பையனுக்குப் புதுப் பெயர் கொடுக்கிறது, வேலை கொடுக்கிறது, நாட்டுக்காக என்ற பெருமை கொடுக்கிறது. கொடுத்த கை திருப்பியும் எடுக்கிறது. விசாரணை, தண்டனை, வெளியேற்றம். நாவல் தொடங்குவதே பிரான்ஸில் அகதி அந்தஸ்து கேட்டு எழுதும் விண்ணப்பத்தோடு. தான் யார் என்று ஓர் அதிகாரிக்குத் தாளில் நிரூபிக்க வேண்டிய நிலையில் இருப்பவனின் குரல் அது. யாரோடு சேர்த்தி என்ற கேள்விக்குச் சீக்கிரம் கிடைத்த விடை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இவ்வளவு சிரிப்போடும் இவ்வளவு கசப்போடும் சொன்ன தமிழ் நாவல் குறைவு. பதினேழு வயதுக்காரருக்கு இது கனமான புத்தகமாயிற்றே என்பீர்கள். பதினேழு வயதில்தான் ரொக்கிராஜ்கள் அதையெல்லாம் வாழ்ந்தார்கள்.

கூட்டத்தின் இழுப்பு தமிழர்களுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்ற ஊர். அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவி, தன் பள்ளியில் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவும் ஏழைப் பையன்களும் கார் வைத்திருக்கும் பணக்காரப் பையன்களும் கோஷ்டி கட்டி அடித்துக்கொள்வதைப் பார்த்து, 15 வயதில் ஒரு நாவலை எழுதத் தொடங்கினார். 'தி அவுட்சைடர்ஸ்' 1967இல் புத்தகமாக வந்தது. பெண் எழுதியது என்று தெரிந்தால் பையன்கள் எடுக்க மாட்டார்கள் என்று பதிப்பகம் கணக்குப் போட்டதால் எஸ். இ. ஹிண்டன் என்று முன்னெழுத்துகளோடு அச்சாயிற்று. நாவலை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் பள்ளியின் படைப்பெழுத்து வகுப்பில் அவர் வாங்கிய கிரேடு 'டி'. தமிழாசிரியர்கள் இதைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் கட்டுரை நோட்டுகளை நினைத்துக்கொண்டால் தப்பில்லை.

இந்தக் கதையில் உங்களுக்கு வேண்டிய ஆள் வேறொருவர். கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ அருகே லோன் ஸ்டார் என்றொரு பள்ளி, அங்கே ஒரு நூலகர். படிப்பதென்றால் ஓடும் பையன்கள்கூட இந்த ஒரு புத்தகத்தை மட்டும் விடாமல் எடுத்துப்போவதை அவர் கவனித்தார். 1980இல் மாணவர்கள் கையெழுத்துப் போட்ட ஒரு மனுவோடு இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கப்போலாவுக்குக் கடிதம் எழுதினார்: இதைப் படமாக எடுங்களேன். 'காட்ஃபாதர்' எடுத்தவருக்கு ஒரு பள்ளிக்கூட நூலகர் எழுதிய கடிதம்! 1983இல் படம் வந்தது. அந்த நூலகருக்கும் அந்தப் பள்ளி மாணவர்களுக்கும் படத்தைச் சமர்ப்பித்திருந்தார் கப்போலா. கடிதம் போட்டதைவிடப் பெரிய வேலை அதற்கு முன்பே நடந்துவிட்டது. எந்தப் பிள்ளை எதை எடுக்கிறது என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

நம் பக்கம் வருவோம். சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது ஓரளவு இருக்கிறது. அழ. வள்ளியப்பா, வாண்டுமாமா காலத்து நூல்கள் மறுபதிப்பாகின்றன. பள்ளிக்கல்வித் துறையே 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று இதழ்கள் நடத்துகிறது. விஷ்ணுபுரம் சரவணன் 'கயிறு' என்ற பெயரிலேயே, அந்த மணிக்கட்டுக் கயிற்றை வைத்தே, சிறுவர்களுக்கு ஒரு கதை எழுதினார். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பாலியல் சீண்டலைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி பேசி, பால சாகித்ய புரஸ்காரமும் வாங்கியது. ஆனால் 'தேன்சிட்டு' ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பத்தில் பொதுத்தேர்வு, பதினொன்றில் குரூப், பன்னிரண்டில் நீட். மீசை முளைக்கிற, குரல் உடைகிற, கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நிற்கிற அந்த மூன்று வருடத்துக்கு என்று ஒரு தட்டு எங்கும் இல்லை. ஆங்கிலத்தில் இதற்கெனத் தனிப் பதிப்பகப் பிரிவுகளே உண்டு. தமிழில் அப்படி ஒரு வகை உருவாகவில்லை என்று புலம்புவது வழக்கம். அந்தப் புலம்பலில் பாதிதான் சரி. அந்த வயதைப் பற்றிய நல்ல தமிழ்ப் புத்தகங்கள் பெரியவர்கள் தட்டில் இருக்கின்றன.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. கன்னியாஸ்திரி மடத்தில் ஏழு ஆண்டுகள் இருந்துவிட்டு, பொறுக்க முடியாமல் வெளியே வந்த பிறகு எழுதியது. இன்று கல்லூரிப் பாடத்திட்டங்களில் இருக்கிறது; பாடமாகிவிட்டாலே புத்தகத்துக்கு ஒரு களை போய்விடும், போகட்டும். அதில் மூன்றாம் வகுப்புச் சிறுமி பள்ளி விட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறாள். தெருப் பெரியவர் ஒருவர் ஒரு பொட்டலத்தை, அதைச் சுற்றிக் கட்டிய நூலின் நுனியில் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுபோகிறார். எண்ணெய் ஊறிய வடைப் பொட்டலம். அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு சின்னப் பொட்டலத்தை அப்படித் தூக்கிப்போவது அவளுக்குச் சிரிப்பாக வருகிறது. வீட்டில் போய் அண்ணனிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நாயக்கருக்கு வாங்கிப்போகும் பண்டத்தை நம் கை தொடக் கூடாது, அதனால்தான் நூலைப் பிடித்திருக்கிறார் என்று விளக்குகிறார். சிரிப்பு அந்த இடத்தில் நிற்கிறது. சாதி என்றால் என்ன என்று பாடநூல் எழுதும் எந்தப் பத்தியும் செய்யாத காரியத்தை ஒரு வடைப் பொட்டலம் செய்கிறது. ஒரு சிறுமி வேடிக்கை பார்க்கும் வயதிலிருந்து வெளியே தள்ளப்படுவதை நாம் நேராகப் பார்த்துவிடுகிறோம்.

இன்னொன்று. 'கருக்கு' முழுக்க அந்த ஊர்ப் பேச்சில் ஓடுகிறது. கட்டுரை நோட்டில் "கொச்சை" என்று சிவப்பு மையில் சுழித்து வாங்கியே பழகிய பிள்ளை, தன் ஆத்தா பேசுகிற பேச்சு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அச்சில் நிற்பதைப் பார்க்கும்போது என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கரிசல் காட்டுப் பேச்சுக்கு அகராதியே போட்ட கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் படிப்பை விட்டுவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். அவர்கள் பேச்சை அவர்கள் விடாமல் இருப்பார்கள், அவ்வளவுதான்.

இந்த மாதிரிப் புத்தகங்களுக்கு ஒரு வழக்கமான நியாயம் சொல்லப்படுகிறது. பிள்ளைகளுக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதியதை இன்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். தன் முகத்தைப் பார்க்கக் கண்ணாடி, பிறர் வாழ்வைப் பார்க்கச் சன்னல். நல்ல கருத்து. நம் வகுப்பறையில் வைத்துப் பார்த்தால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. யாருக்கு எது கண்ணாடி என்று ஆசிரியர் முடிவு செய்யத் தொடங்கிவிடுவார். சேரித் தெருவிலிருந்து வரும் பெண்ணைக் கூப்பிட்டு "உனக்கு இது பிடிக்கும்" என்று எல்லார் முன்னாலும் 'கருக்கு'வை நீட்டுவது அன்பில் செய்வதாக இருக்கலாம். அவள் கையில் அந்தப் புத்தகம் இன்னொரு கயிறாகிவிடும்.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 2000இல் வந்த நாவல். கொங்குப் பகுதிக் கவுண்டர் வீட்டுப் பண்ணயத்தில் ஆட்டுக்கார அடிமையாக இருக்கும் அருந்ததியர் சிறுவன் கூளையன். அவனோடு நெடும்பன், வவுறி, செவிடி என்று அதே நிலையிலுள்ள பிள்ளைகள். காடு மேடெல்லாம் விளையாட்டு, வெயில், பசி, ஆடுகள். இவர்களோடு சுற்றுகிறவன் செல்வன். அவன் கவுண்டர் மகன், பள்ளிக்கூடம் போகிறவன். காட்டில் இருக்கும்வரை எல்லாரும் ஒன்றுபோலத் திரிகிறார்கள். திடீரென ஒரு சொல்லில், ஒரு பார்வையில், செல்வன் பண்ணயக்காரனின் மகனாகிவிடுகிறான். தேங்காய் திருடியதற்காகக் கூளையனைக் கிணற்றில் தலைகீழாகத் தொங்கவிடுகிறார் கவுண்டர். இந்த நாவல் யாருக்குக் கண்ணாடி? கூளையன் வழி வந்த பிள்ளைக்கு என்பது எளிதான பதில். செல்வன் வழி வந்த பிள்ளைக்குத்தான் இது இன்னும் தெளிவான கண்ணாடி. தன்னைக் கூளையன் எப்படிப் பார்க்கிறான் என்று முன்னூறு பக்கம் உள்ளிருந்து பார்க்க அவனுக்கு வேறு எங்கே வாய்ப்பு கிடைக்கும்? கயிறு கட்டியவன் கைக்கு இந்தப் புத்தகம் போக வேண்டும். அறிவுரையாகப் போகக் கூடாது. கூட்டாளிகளோடு காட்டில் சுற்றும் கதையாக, ஆடு மேய்க்கும் கதையாகப் போகட்டும். மிச்சத்தை நாவல் பார்த்துக்கொள்ளும்.

யார் கையில் எந்தப் புத்தகம் என்பது எல்லார் கண்ணிலும் படாமல் இருக்க நம்மிடமே வழி இருக்கிறது. பழுப்பு அட்டை. ஜூன் மாதம் பாடநூலுக்கெல்லாம் போடுகிறோமே, அதே தாள். நூலகப் புத்தகம் அத்தனைக்கும் ஒரே மாதிரி அட்டை போட்டு, முதுகில் எண் மட்டும் எழுதினால் போதும். வழங்கல் பதிவேட்டை மேசையில் திறந்து போடாமல் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்தவன் எடுத்ததை எட்டிப் பார்த்துக் கேலி செய்வதில் அந்த வயதுக்கு இணையே இல்லை.

சில புத்தகங்களுக்கு இந்த மறைவு உயிர்ப் பிரச்சினை. லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு 'நான், வித்யா' 2007இல் வந்தது. திருச்சியில் சரவணன் என்ற ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்டு, மொழியியலில் முதுகலை முடித்து, புனேயில் ரயிலில் கையேந்தி, பெண்ணாக மாறி, மீண்டும் வேலைக்குப் போன கதை. மகன் பெரிய உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்ற அப்பாவின் கனவும் பெல்ட் அடியும் அதில் இருக்கின்றன. அந்த வீடு நமக்குத் தெரியாத வீடா என்ன? இந்த நூலைத் தழுவி எடுத்த கன்னடப் படத்தில் நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது கிடைத்தது. உங்கள் பள்ளியில் இந்தப் புத்தகத்தைத் தேடும் பிள்ளை ஒன்றே ஒன்று இருக்கலாம். அது வாய் திறந்து கேட்காது. பீரோவில் கண்ணில் படும் இடத்தில் இருந்தால், யாரும் இல்லாத நேரம் பார்த்து எடுக்கும்.

எழுத்தாளர் சல்மாவுக்கு அந்த வாய்ப்பும் நீளவில்லை. துவரங்குறிச்சியில், பூப்பெய்திய வயதோடு அவர் பள்ளிப் படிப்பு நின்றது. வீட்டுக்குள் இருந்துகொண்டே கிடைத்ததைப் படித்தார், ஒளித்து வைத்து எழுதினார், வீட்டாருக்குத் தெரியாமலிருக்கச் சல்மா என்ற புனைபெயரில் அனுப்பினார். 2004இல் வந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் அந்த வீடுகளும் அந்தப் பெண்களும் இருக்கிறார்கள். ராபியா என்ற சிறுமி பெரியவர்கள் பேச்சை அரைகுறையாகக் கேட்டபடி அதற்குள் வளர்கிறாள். நாவலைப் பதினாறு வயதுக்கு நேரடியாகக் கொடுக்கலாமா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். சல்மா எப்படிப் படித்தார் என்ற கதையைச் சொல்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எந்தக் கூட்டத்திலும் ஒட்டாத பிள்ளையும் உண்டு. அவனுக்கு அசோகமித்திரன் இருக்கிறார். '18வது அட்சக்கோடு' 1977இல் வந்தது. நிஜாம் ராஜ்யத்து ரயில்வேயில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை சந்திரசேகரன், செகந்தராபாத்தில் கல்லூரி படிக்கிறான். சைக்கிள், கிரிக்கெட், உருது பேசும் நண்பர்கள், ஆங்கிலோ இந்தியப் பக்கத்து வீட்டார். இந்திய ஒன்றியமா நிஜாமா என்று ஊர் பிளவுபட்டுக் கொதிக்கும்போது அவன் எந்தப் பக்கம்? தெலுங்கனும் இல்லை, உள்ளூர்க்காரனும் முழுதாக இல்லை. எல்லாரும் போகிறார்கள் என்று அவனும் போகிறான், கோஷம் போடுகிறான். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைகிறது. பிறகு ஒரு கலவர வேளையில் தற்செயலாக ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். அங்கே தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சிறுபெண் செய்யத் துணிவதைப் பார்த்ததும் அவனுக்குத் தன் பக்கம் எது என்ற கேள்வியே அருவருப்பாகிவிடுகிறது. அசோகமித்திரன் 1931இல் அதே ஊரில் பிறந்தவர். அந்தச் செப்டம்பரில் அவருக்கும் அந்த வயதுதான். அதை எழுதி முடித்து வெளியிட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

இவை எதுவும் தேர்வுக்கு உதவாது. பெற்றோர் புகார் செய்யக்கூடும். கெட்ட வார்த்தை இருக்கிறது, சாதிப் பெயர் இருக்கிறது, உடம்பைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. எல்லாம் உண்மைதான். அதே பிள்ளைகளின் கைப்பேசியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த நீங்கள் இந்தப் புகாரை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை உங்களுக்கே விட்டுவிடலாம். தனி ஆளாக மாட்டிக்கொள்ளாமல் இருக்க, தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் முன்கூட்டியே ஒரு பட்டியலைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவைப்பது நல்லது. அந்தத் தட்டுக்கு 'மேல்நிலை வகுப்புகளுக்கு மட்டும்' என்று சீட்டு ஒட்டுங்கள். ஒன்பதாம் வகுப்பு ஓடிவந்து எட்டிப் பார்க்கும், அதுவும் விளம்பரம்தான். 'உன்னால் முடியும்' வகைப் புத்தகங்கள் பக்கத்துத் தட்டில் தாராளமாக இருக்கட்டும். எழுந்து நட என்று சொல்வதற்கு முன்னால், அவன் எங்கே நிற்கிறான் என்று யாராவது அவனிடம் பேச வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு நடைமுறைக் காரியம். தேர்வு நெருங்கியதும் புத்தகங்களை எல்லாம் திரும்ப வாங்கி, எண்ணி, பூட்டுவது வழக்கம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதோடு பள்ளி நூலகம் முடிந்தது. கல்லூரி திறக்கும்வரை கையில் நேரமும், முடிவு என்ன ஆகுமோ என்ற கலக்கமும் மட்டும் இருக்கும் மாதங்கள் அவை. தமிழ்நாடு பொது நூலகச் சட்டம் 1948இலேயே வந்துவிட்டது, சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக. அதன் பயனாகப் பல சிற்றூர்களிலும் ஒரு கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் நாளுக்கு முன்பே, பிப்ரவரியில் ஒரு மாலை, வகுப்பு மொத்தத்தையும் அங்கே நடத்திக்கொண்டு போய் உறுப்பினராக்கிவிடுங்கள். பெரும்பாலும் உள்ளூர் நூலகர் மறுக்க மாட்டார். உறுப்பினர் எண்ணிக்கை கூடினால் அவருக்கும் நல்லதுதான். அங்கே இந்தப் புத்தகங்களில் எவை இருக்கின்றன, எவை இல்லை என்று அன்றைக்கே பிள்ளைகளை விட்டுத் தேடச் சொல்லுங்கள். இல்லாதவற்றின் பட்டியலை மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதி, அவர்களே கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும்.